குமரி மாவட்டத்துக் கார்கள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரே கம்பெனி, ஒரே மாடல் கார்தான். ஆனால் மதுரையில் ஓடும் வண்டிக்கு வரும் தொந்தரவும் நம் மாவட்டத்தில் ஓடும் வண்டிக்கு வரும் தொந்தரவும் ஒன்றாக இருப்பதில்லை. இங்கே கடல் உப்பு இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று ஆண்டுக்கு இரண்டு மழை இருக்கிறது. ஊர்கள் ஒட்டியொட்டிக் கிடப்பதால் பெரும்பாலும் குட்டி ஓட்டம்தான். வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்க, மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்கும் வண்டிகளும் ஏராளம். இதற்கு மேல் நம் பையன்களின் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மோகம். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. ஆகவே ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் முன், வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது, கம்பெனிக்குப் பிறகு அதில் என்ன ஏறியது என்று பாருங்கள். உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன்.

மைலேஜ் குறைந்துவிட்டது

குறைந்தது உண்மைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் வரும் எண் வண்டி தானாகப் போடும் மதிப்பீடு. பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நிற்கும் முதல் தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ரவுண்டாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு தடவை அழுத்தினால் கணக்கும் கெடும், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போய் அதுவும் கெடும்.

கணக்குப் போட்ட பிறகும் குறைவாகத்தான் வருகிறதா? அப்படியென்றால் எல்லா ஓட்டத்திலும் குறைகிறதா, குறிப்பிட்ட வழியில் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள்.

திருநெல்வேலி போகும்போது நன்றாகக் கொடுத்து, திரும்பி வரும்போது மட்டும் குறைந்தால் வண்டியில் ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான். முப்பந்தலில் காற்றாலைகளை அத்தனை நெருக்கமாக நட்டிருப்பதன் காரணமும் அதுவே. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று, காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வரும் வண்டிக்கு நேர் எதிர்க்காற்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் போனால், காற்றைப் பொறுத்தவரை அது 110-இல் போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அதாவது தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நீட்டில் வேகத்தை 65-க்கு இறக்கினால் வித்தியாசம் கணக்கிலேயே தெரியும். மேலே கேரியரும் அதில் தார்ப்பாயும் இருந்தால் சொல்லவே வேண்டாம். எப்போதோ ஒரு தடவை வேளாங்கண்ணி போனபோது மாட்டிய கேரியரை ஆண்டு முழுக்கச் சுமக்கும் வண்டிகளைப் பார்க்கிறோம். நான்கு நட்டைக் கழற்றினால் போதும்.

எல்லா வழியிலும் குறைந்தால் அடுத்த கேள்வி, உங்கள் ஓட்டம் எவ்வளவு தூரம்? வடசேரியிலிருந்து கோட்டாறு, பள்ளிக்கூடம், சந்தை, வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் துண்டு துண்டாக ஓடும் வண்டியின் எஞ்சின் சூடாவதற்குள் சாவி அணைந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பெட்ரோலைக் குடித்துத்தான் ஓடும். அது கோளாறில்லை, இயல்பு. நான்கு வேலையை ஒரே சுற்றில் முடிப்பதுதான் இதற்கு மருந்து. இரண்டு கிலோமீட்டருக்கு ஸ்கூட்டர் எடுங்கள், அதைவிட நடங்கள். அடுத்தது, நின்றபடி ஓடும் எஞ்சின். மார்த்தாண்டம் நெரிசலிலும் களியக்காவிளையிலும் ஏசி போட்டு நிற்கும் சின்ன பெட்ரோல் கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைப்பது லாபம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது, டீசலில் இன்னும் அதிகம். மரம் நடுவோம் என்று பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் செய்யக்கூடிய காரியம் இது.

ஓட்டமும் மாறவில்லை, மைலேஜ் மட்டும் குறைகிறது என்றால் வண்டியைத் தொட்டுப் பார்க்கும் நேரம். சமதளமான இடத்தில் கைபிரேக்கை விடுவித்து, நியூட்ரலில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். சின்ன கார் ஒருவர் தள்ளினால் நகர வேண்டும். நகர மறுத்தால் எங்கோ பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உறுதி செய்ய, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதில் பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் பின் (ஊசி) துருவேறி இறுகியிருக்கும். கடலோர வண்டிகளில் இது மிகச் சாதாரணம். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டால் தீரும். பெரும்பாலும் காலிபரையே மாற்றத் தேவையிருக்காது.

டயர் காற்றையும் பாருங்கள். அளவு டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பங்குக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணை வைத்திருப்பார், அது உங்கள் வண்டிக்கு உரியது என்று கட்டாயமில்லை. காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். ஆனால் காற்றுக் குறைவால் மைலேஜில் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான் போகும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது என்றால் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏர் ஃபில்டரும் அப்படித்தான். இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது.

“எல்லாம் இந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்துதான்”

இப்போது எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் காதில் விழுவது இது. “அண்ணே, பெட்ரோல்ல தண்ணி கலக்குறான், பதினெட்டு கொடுத்த வண்டி பதினாலுதான் கொடுக்குது” என்பார் ஒருவர். “மக்கா, என் வண்டியும் அப்படித்தான்” என்பார் அடுத்தவர். கொஞ்சம் கணக்குப் போடலாம்.

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஏற்கெனவே நாம் 10 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் போட்டுக்கொண்டிருந்தோம். 10-லிருந்து 20-க்குப் போகும்போது லிட்டரில் உள்ள ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம் குறைகிறது. அதன்படி 18 கொடுத்த வண்டி 17.4 கொடுக்கும். எஞ்சின் அந்த எரிபொருளுக்கு ஒத்துப்போகாத பழைய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் கூடவே குறையலாம். 14-க்கு விழுந்தால் மிச்சத்துக்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும். மேலே சொன்ன பிரேக்கையும் குட்டி ஓட்டத்தையும் பாருங்கள்.

அதற்காக இ20-ஐ அப்பாவி என்று நான் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் இந்த அளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால், அல்லது குழாய் நுனியில் வெடிப்பும் பிசுபிசுப்பும் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். இன்னொன்று, எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் மாவட்டத்து மழைக்கால ஈரத்தில், கால் டேங்கோடு மூன்று மாதம் நிற்கும் வண்டியில் உள்ளே ஈரம் சேர்ந்து, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்போது ஸ்டார்ட் ஆகும், திணறும், அணையும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க் நிறைந்திருக்கட்டும். ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிருக்காது.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் வந்து விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் முதலில் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, காய்ந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் பல வண்டிகள் அப்போதே எடுத்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். இரவு நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12.3-இலேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். புது பேட்டரி போட்டு ஒரே வாரத்தில் அதுவும் இறங்கிவிட்டது என்ற கதைகளில் பல இப்படித்தான்.

பேட்டரி நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனாலும் இரண்டு மூன்று நாள் நின்றால் இறங்குகிறது என்றால் என் சந்தேகம் ஸ்பீக்கர் செட்டின் மேல்தான் விழும். எல்லாவற்றையும் அணைத்து, கதவைப் பூட்டி, அரைமணி நேரம் விட்டுவிட்டு நெகட்டிவ் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து மின்னோட்டத்தைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும் ரிமோட் வயரைச் சோம்பலில் நேரடி மின்சாரத்தில் இணைத்திருந்தால் 300 மில்லி ஆம்பியர் சாதாரணமாக வரும். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல். சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றாம் நாளே தள்ளாடும். அந்த வயரை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இணைப்புக்கு மாற்றினால் போதும்.

கல்ஃபுக்குப் போனால் திரும்பி வர ஆறு மாதமாகும் என்பவர்கள் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் “டெய்லி ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் போடு” என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். அதில் பேட்டரி ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருவும் பிடிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை மச்சானோ தம்பியோ எடுத்து இருபது கிலோமீட்டர் ஓட்டினால் நல்லது. அது முடியாவிட்டால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். எலி தொல்லைக்கு, ரப்பர் ஷீட், நெல், தேங்காய் வைத்திருக்கும் ஷெட்டில் வண்டியை நிறுத்தாமல் இருப்பதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிரேக் கீச்சிடுகிறது, கைபிரேக் ஒட்டிக்கொண்டது

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் உரசும் சத்தம் வந்து பிறகு மறைந்தால் விட்டுவிடுங்கள். இரவில் உப்புக்காற்று பட்டு டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும், பேட் அதைத் தேய்த்து எடுக்கும் சத்தம் அது. முட்டம், குளச்சல், மணக்குடி வாசிகளுக்கு இது புதிதில்லை. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்.

பல நாள் நின்ற வண்டி நகராமல் பின்சக்கரம் இறுகிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், லைனிங் பிய்ந்து வரும். மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை நிறுத்தும்போது கைபிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

அலாயும் டயரும் மாற்றிய பிறகு வந்த தொல்லைகள்

டிஎன் 74, டிஎன் 75 வண்டிகளில் திருவனந்தபுரத்துப் பாணி நன்றாகவே இறங்கியிருக்கிறது. அழகுக்கு நான் எதிரியில்லை. ஆனால் மாற்றியவுடன் வரும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும்.

“டயர் மாற்றினேன், மைலேஜ் குறைந்துவிட்டது.” பல சின்ன கார்களில் வரும் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். அதற்கு 185/65 ஆர்15 போட்டால் 621 சொச்சம், ஏறக்குறைய அதேதான். 205/65 ஆர்15 போட்டால் 647, நாலரை சதவீதம் அதிகம். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஆனால் மீட்டர் பழைய டயரை நினைத்துத்தான் எண்ணும். 100 கிலோமீட்டர் ஓடியதை 95 சொச்சம் என்று காட்டும். குறைந்த மைலேஜில் ஒரு பகுதி அந்தக் கணக்குப் பிழை, மிச்சம் அகல டயரின் உண்மையான இழுவை. ஸ்பீடோமீட்டரும் நிஜ வேகத்தைக் குறைத்துச் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். விட்டம் மூன்று சதவீதத்துக்குள் நின்றால் பெரிய தொல்லை வராது.

“முழுக்கத் திருப்பினால் உரசுகிறது, ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கிறது.” ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு) தவறு, அல்லது ஸ்ப்ரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். வெட்டிய ஸ்ப்ரிங்குக்கு வைத்தியம் இல்லை, புது ஸ்ப்ரிங்தான். கீரிப்பாறை, கோதையாறு பக்கத்துச் சாலைகளில் தாழ்த்திய வண்டி எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பைத்தான் முதலில் பலி கொடுக்கும்.

“80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது.” அலாயின் உட்புறத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் காய்ந்த சேறு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலே நடுங்கும். கழுவியும் நிற்காவிட்டால் பேலன்சிங். அலாயை ஹப்பின் நடுவில் பிடிக்கும் சென்டர் ரிங் இல்லாமல் மாட்டிய வெளி அலாய்களில் பேலன்ஸ் செய்தும் நிற்காது. அந்த வளையம் சின்னப் பொருள்தான், கேட்டு வாங்குங்கள்.

“ஹெட்லைட் மங்குகிறது, கண்ணாடிக்கு உள்ளே பழுப்பேறுகிறது.” 55/60 வாட் பல்பு இருந்த இடத்தில் 90/100 போட்டிருப்பார்கள். சூட்டில் ஹோல்டரும் ரிஃப்ளெக்டரும் வேகும். பழைய பல்பைப் போட்டு, ரிலே வைத்துத் தனி வயர் இழுத்தால் அதே 60 வாட்டே பளிச்சென்று எரியும். ஹாலோஜனுக்கென்று செய்த கூட்டுக்குள் மாட்டிய மலிவு எல்இடி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், நமக்குச் சாலையைக் காட்டாது. மழையில் இன்னும் மோசம்.

முன்னால் இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் ஏர்பேக் விரிவதே தாமதமாகலாம், ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும். கழற்றிவிடுங்கள். வண்டியின் அமைப்பை ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் இந்த எண் மாறாது, நிறுத்தும் போலீஸ்தான் மாறுவார்.

டீசல் வண்டியில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது

பிஎஸ்6 என்ற புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். அது நிறைந்ததும் வண்டி தானே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்கு நிற்காத ஓட்டம் வேண்டும். தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போய் வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. விளக்கு வந்தவுடன், காவல்கிணறு தாண்டிய நால்வழிச் சாலையில் கியரைச் சற்றுத் தாழ்த்தி 60-80 வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். நடுவில் ஃபேன் பலமாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், எரிப்பு முடியும் வரை எஞ்சினை அணைக்காதீர்கள். விளக்கோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து இழுவையும் போய்விட்டால் ஓட்டிச் சரி செய்ய முடியாது, ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

ஆயில் குச்சியையும் பாருங்கள். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறும். ஆயில் குறையாமல் கூடினால் சந்தோஷப்படக் கூடாது, மாற்ற வேண்டும். ஃபில்டரை உள்ளே குடைந்து காலியாக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஆசான்மாரிடமிருந்து ஒதுங்கி நில்லுங்கள். அது சட்டவிரோதம், பின்னால் ஆட்டோவில் வரும் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் அந்தக் கரி போகும். தினமும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் அடுத்த தடவை டீசல் வாங்காதீர்கள்.

ஏசி: நாற்றம், தண்ணீர், குளிர்ச்சிக் குறைவு

நாற்றம் என்றால் கேபின் ஃபில்டர். பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், நாமே மாற்றலாம். வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்து ஃபேனை ஓட விட்டால் உள்ளே ஈரம் காய்ந்து பூஞ்சை வராது.

இடப்பக்கக் கால் மிதியில் தண்ணீர் தேங்கினால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். ரப்பர் மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள வலையையும் பாருங்கள். மார்கழி, தையில் இலை உதிர்ந்து அங்கே அடைந்தால் அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். வண்டிக்கு அடியில் சொட்டினால் மட்டும் கவலையில்லை, அது அப்படித்தான் சொட்ட வேண்டும்.

குளிர்ச்சி குறைந்தால் உடனே “கேஸ் அடிச்சிருவோமா” என்பார்கள். கேஸ் என்பது தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் உப்பு அரித்த கண்டென்சர்தான், கிரில்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தகடுகள் உதிர்ந்திருப்பதும் எண்ணெய்க் கறையும் தெரியும். பல வண்டிகளில் உள்ள ஆர்134ஏ வாயு, கரியமில வாயுவைப்போல ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. ஒரு சின்ன காரின் 450 கிராம் வாயு முழுதும் கசிந்தால், கெடுதலில் அது சுமார் 280 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ். ஆண்டுதோறும் கேஸ் ஏற்றும் வண்டிக்காரர், மைலேஜுக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டினாலும் சூழலுக்கு மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

புகைச் சான்று கிடைக்கவில்லை

பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் உள்ள மையத்துக்கு ஆறிய வண்டியைக் கொண்டுபோனால் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. கால்மணி நேரம் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். அப்படியும் தேறாவிட்டால் புகையின் நிறம் வழிகாட்டும். கருப்பு என்றால் எரிபொருள் அதிகம், ஆக்சிஜன் சென்சரையும் ஃபில்டரையும் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சத்தத்துக்காகக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போட்ட வண்டி எந்தத் தந்திரத்திலும் நேர்மையாகத் தேறாது.

தண்ணீரில் நின்றுவிட்டது

2021 நவம்பர் மழையில் பழையாற்றுக் கரையிலும் குழித்துறைப் பக்கமும் சாலைகள் எப்படி இருந்தன என்று நினைவிருக்கும். தண்ணீரில் எஞ்சின் அணைந்தால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி மேட்டில் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, இழுத்துப்போக ஆள் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்து பார்த்ததால் கெட்ட எஞ்சினுக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத காப்பீட்டில் பணம் வருவது கடினம்.

அடியில் துரு

சொத்தவிளை, சங்குத்துறை, தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போய் வந்தால் அடுத்த நாளே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். வண்டியை மணலில் இறக்கவே இறக்காதீர்கள். ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிப்பவரிடம் கதவின் அடியிலும் பக்கச் சட்டத்திலும் உள்ள வடிதுளைகளை மூடாமல் அடிக்கச் சொல்ல வேண்டும். மூடிவிட்டால் மேலே பளபளப்பாக இருக்க, உள்ளிருந்து அரித்து வரும். பட்டி பூசிய இடத்தில் பெயின்ட் கொப்பளித்தால் மேலே பூசி மறைக்காமல் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்காரில் ரேஞ்ச் குறைகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது

கணவாய்க் காற்றும் டயர் காற்றும் மின்காருக்கும் பொருந்தும், வேகம் இன்னும் அதிகமாகவே பொருந்தும். குலசேகரம், பேச்சிப்பாறை மேட்டில் வீடு உள்ளவர்கள் இரவு 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறக்கத்தில் போனால், பிரேக்கில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. 85 அல்லது 90-இல் நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள்.

வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் கார் மேல் தப்பில்லை, எர்த் சரியில்லை. மேற்கே செம்பாறை மண்ணில் கோடையில் ஈரம் வற்றினால் எர்த் பலவீனமாகிறது. கரையோரத்தில் உப்பு மண் எர்த் பைப்பையே தின்றுவிடுகிறது. எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஏறினால் காரணம் அதுதான் என்று உறுதி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது எர்த் போட வேண்டும். எர்த் பார்க்காமல் ஏற்றும்படி சார்ஜரை ஏமாற்றித் தர ஒரு சின்ன அடாப்டர் விற்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவருக்கு அது உயிர் ஆபத்து. அதை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.